பாசி போக ஒரு நேர்ச்சை

உக்காருங்க சார், உக்காருங்க. பேசாதீங்க. கன்னம் பன்னு கணக்கா வீங்கியிருக்கு, இதுல வாயத் தொறந்து பேரு வேற சொல்லணுமா? சீட்டுல எழுதிக் கொடுத்தாப் போதும். டாக்டர் உள்ள ஒரு கடைவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காவ. அரை மணி நேரம் ஆவும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்.

அந்தத் தொட்டியத்தான பாக்கீங்க? எல்லாரும் அதத்தான் பாப்பாவ. தொட்டி வந்த புதுசுல ஒருத்தர் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு, வலி நின்னு போச்சுன்னு எழுந்திரிச்சி வீட்டுக்கே போயிட்டாரு. டாக்டருக்கு அதுல கொஞ்சம் வருத்தந்தான்.

கடல்தண்ணித் தொட்டி சார் அது. இங்க தூத்துக்குடியில உப்பு மலை மலையாக் குவிஞ்சி கிடக்கு, கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. அத விட்டுட்டு இவுக வெளியூர்ல இருந்து வாளி வாளியா உப்பு வரவழைச்சி, தண்ணியில கரைச்சி, கண்ணாடிக்குள்ள தனியா ஒரு கடல் செஞ்சி வச்சிருக்காவ. கேட்டா, நம்ம உப்பு சாப்பாட்டுக்கு, இது மீனுக்குங்காவ. எங்க அப்பா கட்டுமரத்துல போனவரு. இருந்து இதக் கேட்டிருந்தா சிரிச்சே செத்திருப்பாரு.

அந்தா ஆடுது பாருங்க, அது பூ இல்ல, பவளம். மெத்துன்னு இருக்கும். கடையில வளர்த்தத ரசீதோட வாங்கினது. நம்ம கடல்ல ஒரு துண்டு எடுத்தாலும் ஃபாரஸ்ட் ஜீப்பு வாசல்ல வந்து நின்னுரும், பாத்துக்கிடுங்க. அந்த ஆரஞ்சுக் கலர்ல வெள்ளப் பட்டை போட்ட ரெண்டும் புருசன் பொஞ்சாதி. பெருசுதான் பொம்பள, அதிகாரமெல்லாம் அவதான். அவளுக்கு ராசாத்தின்னு பேரு வச்சிருக்கேன். அவன் பேரு இன்னாசி. எங்க வீட்டுக்காரர் பேரும் அதான். அவரு சரக்குக் கப்பல்ல சமையல்காரரு. ஒம்பது மாசம் தண்ணியில, மூணு மாசம் தரையில. ஊர் உலகத்துக்கெல்லாம் சமைச்சிப் போடுதாரு. எம் மகள் குவைத்துல இருக்கா. வீட்டுல நான் ஒருத்தி. ஒரு கை அரிசி போட்டாப் போதும். 'இன்னும் கொஞ்சம் வச்சிக்கிடுங்க'ன்னு சொல்ல எதிர்ல ஒரு ஆளு கிடையாது சார். அது எவ்வளவு பெரிய கஷ்டம்னு ஆம்பளைங்களுக்குத் தெரியாது.

அதனாலதான், டாக்டர் இந்தத் தொட்டிய வச்ச அன்னைக்கே, தீனி போடுறது எம் பொறுப்புன்னு வாங்கிக்கிட்டேன். பதினேழு வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், எனக்கு அந்த உரிமை இல்லையா? நாலு மணி அடிச்சா ராசாத்தி இந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து மூக்க வச்சிக்கிட்டு நிப்பா. டாக்டர்கிட்டப் போகமாட்டா. எங்கிட்டத்தான்.

தீனி என்னன்னா, பொடி றாலு. ஐஸ்ல உறைய வச்சிக் கட்டி கட்டியா வரும். மாத்திரை அட்டை மாதிரி பின்னால அமுக்கினா ஒரு கட்டி டொக்குன்னு விழும். டாக்டர் அதுக்கு ஒரு சட்டம் எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்காவ. அன்னைக்கு என்னையக் கூப்பிட்டு நிக்க வச்சிப் பாடம் எடுத்தாவ.

"பனிமயக்கா, கட்டிய அப்படியே தொட்டியில போடக்கூடாது. ஒரு கிண்ணத்துல தொட்டித் தண்ணி எடுத்து, அதுல அரைக் கட்டி போட்டுக் கரைய விடுங்க. டீ வடிகட்டியில வடிகட்டி, நல்ல தண்ணியில ஒரு அலசு அலசுங்க. அந்தச் சாறைக் கீழ ஊத்திருங்க, தொட்டிக்குள்ள ஒரு சொட்டு போகக்கூடாது. அந்தச் சாறுதான் பாசிக்குச் சாப்பாடு. றாலையும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, ரெண்டு நிமிசத்துல எவ்வளவு திங்குதோ அவ்வளவோட நிறுத்திருங்க. ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே போடவேண்டாம்."

நான் கேட்டேன். "டாக்டர், மீன் குழம்பு வச்சி, மீன மட்டும் எடுத்துக்கிட்டுக் குழம்பச் சாக்கடையில ஊத்துவாங்களா?"

"மீனுக்குக் குழம்பு வேண்டாம்க்கா"ன்னாவ.

சரி, பெரிய படிப்புப் படிச்சவுக. அவுக சொன்னா எனக்கு மறுபேச்சு கிடையாது சார். வடிகட்டச் சொன்னாவ, வடிகட்டினேன். அலசச் சொன்னாவ, அலசினேன். சாறைக் கீழ ஊத்தணும்னு சொன்னாவல்லா, ஊத்தத்தான் போனேன். பேசின் வரைக்கும் கிண்ணத்தக் கொண்டு போனேன். கை வரல சார். நல்ல மணம், நல்ல நெறம். சத்தெல்லாம் அதுலதான இறங்கியிருக்கு? பிள்ளத்தாச்சிக்குக் கொடுக்கிற நண்டு ரசம் மாதிரி இருக்கு. அதக் கொட்டிட்டுச் சக்கைய மீனுக்குப் போடுறதுன்னா எந்த ஊரு நியாயம்? அதனால அந்தப் பவளத்துக்கு மேல மெதுவா விட்டேன். ஒரே தடவையா ஊத்தல. சின்ன மூடியில மொண்டு மொண்டு, அதுவும் டாக்டர் உள்ள இருக்கும்போது, அவுக மனசு கஷ்டப்படாத மாதிரி.

ரெண்டு நிமிசக் கணக்கும் பாத்தேன். ரெண்டு நிமிசத்துக்குள்ள அரைக் கட்டியும் தீந்துரும். அப்படின்னா என்ன அர்த்தம்? பந்தியில ஒருத்தன் இலைய வழிச்சி வேகமாத் தின்னான்னா, இன்னும் ஒரு கரண்டி வைப்போமா, எழுந்திரின்னு விரட்டுவோமா? மிச்ச அரைக் கட்டியையும் போட்டுருவேன்.

ஞாயித்துக்கிழமைப் பட்டினியும் நான் மீறல. கிளினிக்கே லீவு, எப்படி மீற? நாங்க வேதக்காரங்க சார், தவக்காலத்துல ஒருசந்தி நோன்பு பிடிக்கிறவுக. ஒருசந்திக்கு முந்தின ராத்திரி வயிறு நெறையச் சாப்பிட்டுக்கிடுவோம்லா, அதே மாதிரி சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு கட்டி. இது வழக்கந்தான, தப்பொண்ணும் இல்லையே.

இப்படி எல்லாம் ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான், மே மாசம், எங்க இருந்து வந்துச்சோ அந்தச் சவத்துப் பாசி! முதல்ல மணல்ல காப்பித்தூள் தூவினாப்பல இருந்துச்சி. அப்புறம் கல்லுல பச்சையா ரோமம். ஜூன் மாசம் பாத்தா ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சாண் தாடி. பவளம் சுருங்கிப் போச்சு. வாரவுக எல்லாம், "என்ன டாக்டர், கீரை போட்டிருக்கீங்களா?"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாவ.

டாக்டர் படாத பாடு பட்டாவ சார். லைட்ட மாத்தினாவ. தண்ணிய மாத்தினாவ. மத்தியானம் நோயாளி இல்லாத நேரம், கம்பெனிக்காரன் இலவசமாக் கொடுத்த டூத் பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கல்லா வெளிய எடுத்துத் தேய்ப்பாவ. பல்லு தேய்க்கிற மாதிரியே, மேலயும் கீழயுமா. இருபது நத்த வாங்கி விட்டாவ, பாசியத் திங்கட்டும்னு. நத்தையப் பாத்தா எனக்குப் பாவமா இருந்துச்சி. வெறும் கீரையத் தின்னுக்கிட்டு எவ்வளவு நாள் கிடக்கும்? அதுகளுக்கும் சேத்துக் கொஞ்சம் போட்டேன். அதுக்குப் பொறவு அதுக பாசி பக்கமே போகல. சோம்பேறி நத்த. காசுக்குப் பிடிச்ச கேடு.

டாக்டர் தெனமும் ஒரு சின்னக் குப்பியில தொட்டித் தண்ணிய எடுத்து மருந்து விட்டுப் பாப்பாவ. நீலமா மாறினாக் கெட்ட தண்ணியாம். அது மை மாதிரி நீலமாகும். ஒருநாள் அந்தக் குப்பிய மேசையில டக்குன்னு வச்சாவ. "போதும்க்கா. மாதா திருவிழா முடியிறதுக்குள்ள இது தெளியலன்னா, ஆகஸ்ட் ஆறாந்தேதி பழைய தொட்டி வாங்குற மதுரைக்காரன் வேன் எடுத்துட்டு வந்து தொட்டிய மீனோட தூக்கிட்டுப் போயிருவான். அந்த இடத்துல டிவி மாட்டிருவேன்"ன்னு சொல்லிட்டாவ.

டிவி நாலு மணிக்கு என்னையத் தேடி வருமா? அன்னைக்கு வீட்டுல சோறு இறங்கல. அழுதேன், சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மறுநாளே முடிவு பண்ணிட்டேன், இதுல ஏதோ திருட்டு வேலை நடக்குதுன்னு. நான்தான் இவ்வளவு கட்டுப்பாடாப் போடுதேனே, பின்ன பாசி எப்படி வரும்? காலையில ஏழு மணிக்கே எங்கிட்ட இருக்கிற சாவியில பின்வாசல் வழியா உள்ள வந்து அந்த அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சி நின்னேன். வாட்ச்மேன் இசக்கி கதவத் தொறந்தாரு. அவரு பையில வச்சிருக்கிற சாமி படத்துக்குப் பத்தி காட்டினாரு. நேரா பிரிட்ஜுக்குப் போயி, ஒரு கட்டிய எடுத்து, தண்ணியில கூடக் கரைக்காம, முழுசாத் தொட்டியில போட்டாரு!

"அண்ணே! நீங்க நல்லாயிருப்பீங்களா? பாசி வராதா?"ன்னு பாஞ்சி வந்தேன். மனுசன் பயந்து போயிப் பத்தியக் கீழ போட்டுட்டாரு.

"பாவமாப் பாக்குதும்மா. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்குல்லா"ங்காரு. தெனமும் இதான் வேலையாம். சட்டம் தெரியாத ஆளு கையில கொடுத்தா இப்படித்தான் ஆவும்.

இவருதான் ஆளுன்னு நினைச்சா, மத்தியானம் அந்தக் கிளாடிஸ். டாக்டருக்குப் பல்லு புடுங்க உதவிக்கு நிக்கிற பிள்ள. டிபன் டப்பாவக் கழுவப் போறவ, போற வழியில ஒரு சிட்டிகை உருண்டைத் தீனியத் தூவிட்டுப் போறா. கையும் களவுமாப் பிடிச்சேன். "கொஞ்சந்தானேக்கா"ங்கா. கொஞ்சம் கொஞ்சம்னுதான சார் ஊரே கெட்டுப் போவுது?

ரெண்டு பேரையும் டாக்டர் முன்னால நிறுத்தினேன். டாக்டர் நல்லா ஏசினாவ. தீனியையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டுப் பூட்டி, சாவிய எங்கிட்டக் கொடுத்தாவ. "இனிமே பனிமயக்கா ஒருத்தர்தான். எனக்கு அவுக மேலதான் நம்பிக்கை"ன்னு சொன்னாவ. சாவியக் கழுத்துல, மாதா டாலரோட சேத்துக் கோத்துக்கிட்டேன்.

நியாயமாப் பாத்தா அதோட பாசி போயிருக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. போகல! இன்னும் அதிகமாச்சு. ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. ஏன்னா நான் மீனுகளுக்கு ஒரு குறையும் வைக்கல. காலையில இசக்கி அண்ணன் போட்ட பங்கு நின்னு போச்சுல்லா, அத நான் போட்டேன். மத்தியானம் கிளாடிஸ் பங்கு, அதையும் நான் போட்டேன். திடீர்னு நிறுத்தினா அதுக ஏங்கிப் போயிரும்லா. எல்லாத்தையும் முறையா வடிகட்டித்தான் போட்டேன். சாறு முன்னால ஒரு நேரம், இப்ப மூணு நேரம், அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் அந்த நீலக் குப்பியப் பாத்துத் தலையில அடிச்சிக்கிட்டாவ. எனக்கென்னவோ கண்ணேறுன்னு தோணுச்சி. வாரவன் போறவனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கான்லா.

ஜூலை இருபத்தாறு பனிமய மாதா கோயில் கொடியேத்தம். எம் பேரே அந்தத் தாயி பேருதான், வருசா வருசம் பதினோரு நாளும் லீவு போட்டுருவேன். இந்தத் தடவ விட்டுட்டுப் போக மனசே இல்ல. சாவியக் கிளாடிஸ்கிட்டக் கொடுத்து, "டாக்டர் எழுதி ஒட்டியிருக்கிற படி செய்யி, ஒரு எழுத்து மாறக்கூடாது"ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனேன். கண்ணாடியில கைய வச்சி ராசாத்திகிட்டப் போயிட்டு வாரேன்னு சொன்னேன். திரும்பி வரும்போது இருப்பாளோ மாட்டாளோ.

கோயில்ல முட்டங்கால் போட்டேன் சார். நேர்ச்சை வைக்கணும்னா, ரொம்ப ஆசப்பட்டதத்தான் விடணும். ஒரு தடவ பாவக்கா திங்கிறத விட்டுருதேன்னு நேந்தேன், ஒண்ணும் நடக்கல. மாதாவுக்குத் தெரியாதா எனக்குப் பாவக்கா பிடிக்காதுன்னு? அதனால இந்தத் தடவ நல்லா யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கே பயமா வந்துச்சி. அப்புறம் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன். "தாயே, தொட்டி அங்கனயே இருக்கணும். பாசி போயிட்டுன்னா, ஒரு வருசத்துக்கு எங் கையால அதுகளுக்கு ஒரு பொட்டுத் தீனி போடமாட்டேன்." சொல்லி முடிக்கும்போது சேலை முந்தானை நனைஞ்சி போச்சு. பதினோரு நாளும் ஒரு செபமால விடாமச் சொன்னேன்.

ஆறாந்தேதி காலையில வாரேன். வாசல்ல வேன் நிக்குதான்னுதான் முதல்ல பாத்தேன். வேன் இல்ல. உள்ள வந்தா... சார், நான் என்ன சொல்ல! தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியல, அப்படித் தெளிஞ்சி கிடக்கு. கல்லுல தாடி ஒண்ணையும் காணும். இருபது நத்தையும் கல்லுக் கல்லா ஏறி நக்கிக்கிட்டு இருக்கு. பவளம் பழையபடி விரிஞ்சி ஆடுது. நான் அப்படியே தரையில உக்காந்து, "மரியே வாழ்க!"ன்னு கத்திட்டேன். நாற்காலியில இருந்த ஒரு நோயாளி எழுந்து நின்னுட்டாரு.

டாக்டர் வெளிய வந்து அந்தக் குப்பியக் காட்டினாவ. குடிக்கிற தண்ணி மாதிரி நெறமே இல்லாம இருந்துச்சி. "நீங்க லீவுல போன மறுநாள்ல இருந்தே நீலம் குறைய ஆரம்பிச்சிட்டுக்கா. தெனமும் குறிச்சி வச்சிருக்கேன்"ன்னாவ.

"பாத்தீங்களா டாக்டர்! கொடியேத்தின மறுநாள்!"ன்னேன்.

டாக்டர் அந்தக் குறிச்சி வச்ச தாளையும் என்னையையும் மாத்தி மாத்திப் பாத்தாவ. கிளாடிஸ் வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. அவளுக்கும் அழுகை வந்துட்டு போல, நல்ல மனசுக்காரி. நான் நேர்ச்சையச் சொன்னேன். டாக்டர் வேற சபை, எங்கள மாதிரி கத்தோலிக்கம் இல்ல, மாதா சொரூபத்தக் கும்புடமாட்டாவ. ஆனா அன்னைக்கு மேல பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாவ சார், எங் கண்ணால பாத்தேன். "நேர்ச்சைய மட்டும் முறிச்சிராதீங்கக்கா. ஒரு வருசம்னு ஏன் கணக்கு வச்சீங்க, பத்து வருசம்னு சொல்லியிருக்கலாமே"ன்னாவ. எவ்வளவு பக்தி பாருங்க. மதுரைக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிட்டாவ. ஆனா கண்டிசனும் போட்டாவ. "இன்னொரு தடவ பச்சை தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே வேன் வரும். அப்புறம் மாதா சொன்னாலும் கேக்கமாட்டேன்"னாவ.

இப்பத் தீனி கிளாடிஸ்தான் போடுதா. இன்னையோட இருபத்து மூணு நாளாச்சு. நாலு மணிக்கு ராசாத்தி இப்பவும் இந்தப் பக்கந்தான் வாரா சார். அங்க கிளாடிஸ் போட்டுக்கிட்டு இருப்பா, இவ இங்க வந்து எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுவா. 'என்ன கோவம் உனக்கு'ன்னு கேக்குத மாதிரி இருக்கும். நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பெத்த பிள்ள பசின்னு வந்து நிக்கும்போது சோத்துப் பானைய மூடி வச்ச பாவம் எனக்கு. ஆனா வாக்குன்னா வாக்குதான். ஒரு பொட்டு போடலையே, எங் கையால. மாதா பாத்துக்கிட்டுத்தான இருக்கா.

அந்தா, கிளாடிஸ் போட்டுட்டு உள்ள போறா பாத்தீங்களா? வடிகட்டின சாறை மட்டும் எங்கிட்ட வச்சிட்டுப் போவா, கீழ கொட்டிக் கிண்ணத்தக் கழுவி வைக்கணும். அதுதான் இப்ப எனக்குக் கொடுத்திருக்கிற வேலை. இந்தா, இதான் அந்தக் கிண்ணம். மோந்து பாருங்க. மூக்கு அடைச்சிருக்கா? சரி விடுங்க.

சார்... நீங்க நேர்ச்சை எதுவும் வைக்கலல்லா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். எங் கையப் பத்தித்தான் நான் மாதாகிட்டப் பேசியிருக்கேன். அடுத்தவங்க கையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. கொஞ்சம் எழுந்து வாங்க. இந்தாங்க, பிடிங்க. முழிக்காதீங்க சார், நீங்க ஒண்ணும் புதுசு இல்ல. இந்த வாரத்துல உங்களுக்கு முன்னால மூணு பேரு ஊத்திட்டுத்தான் உள்ள போனாவ. நேத்து ஒரு ஹெட்மாஸ்டரே ஊத்தினாரு. அந்தப் பவளத்துக்கு மேல, மெதுவா... ஆங், அப்படித்தான். பாருங்க, ராசாத்தி எப்படி ஓடி வாரா! தின்னும்மா, தின்னு. எந் தங்கம்.

என்ன சார், அங்க கையக் காட்டுதீங்க? எந்த மூலையில? பச்சையா? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. அது லைட்டு வெளிச்சமா இருக்கும். உங்களுக்குப் பல்வலியில கண்ணு மங்குது, காய்ச்சலும் இருக்கும் போல. ஊத்துங்க, இன்னும் அரைக் கிண்ணம் இருக்கு.

ஐயோ, கதவு தொறக்குது. கிண்ணத்த எங்கிட்ட நீட்டாதீங்க, நீங்களே வச்சிக்கிடுங்க. வாயத் தொறக்காதீங்க, வீக்கம் கூடிரும்.

டாக்டர், அடுத்தது இவருதான். ரொம்ப வலியாம், பாவம், பேசவே முடியல. வாய் கொப்புளிக்க ஒரு கிண்ணம் கேட்டாரு, கொடுத்தேன். தொட்டிகிட்ட நின்னு என்ன செஞ்சாருன்னு நான் கவனிக்கல.